அழிக்கத் தெரியாத கட்டம்

பத்து மணி ஐந்து நிமிஷம். இன்னும் ஐம்பத்தைந்து நிமிஷம் கிடக்கிறது, அதற்குள் உலகத்தில் என்னென்னவோ நடக்கலாம், மணப்பாறையிலிருந்து வருகிற பஸ் பஞ்சராகலாம், யாருக்கும் அடிபடாத, நல்ல சுபாவமுள்ள ஒரு பஞ்சர், பயணிகளெல்லாம் இறங்கிப் புளியமரத்தடியில் நிற்க, அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரி, நேரமாகிவிட்டது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று – எங்கே திரும்புவாள், நாக்பூரிலிருந்து ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தவள் ஒரு பஞ்சருக்கா திரும்புவாள் என்று செவ்வந்திலிங்கம் தன் கற்பனையின் காற்றைத் தானே பிடுங்கிவிட்டு நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். எதிரே லேப்டாப் திறந்து கிடந்தது, அதில் அவருடைய இணையதளம். காவிரிக்கு இந்தப் பக்கம் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிற ஒரே எழுத்தாளர் என்று அவரே அதில் எழுதியிருந்தார். இதுவரை யாரும் மறுக்கவில்லை, மறுப்பதற்கு முதலில் யாராவது அதைப் படித்திருக்க வேண்டுமே. மேலே கன்னத்தில் விரல் வைத்த அவர் படம். படத்துக்குக் கீழே 'உங்கள் வாழ்க்கை, என் எழுத்து'. அதற்கும் கீழே மணிவிழா மலர், வாழ்க்கை வரலாறு, கோயில் வரலாறு, வரவேற்புரை, நன்றியுரை, இரங்கலுரை, எல்லாம் எழுதித் தரப்படும். அப்புறம் 'என்னைப் பற்றி' என்று ஒரு பக்கம், அதில் அவர் எழுதிக் கொடுத்த நன்றியுரையைக் கேட்டு மைக்செட்காரர் அழுது மைக்கில் தண்ணீர் இறங்கிய கதை, அவர் எழுதிய ஒரே ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு ஓடிப்போன மாப்பிள்ளை குண்டக்கல் ஸ்டேஷனிலிருந்து தாலிகட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்த கதை. மாப்பிள்ளை ஓடினது நிஜம். கடிதம் நிஜம். திரும்பி வந்தது மட்டும் கொஞ்சம், எப்படிச் சொல்வது, அவர் வராததால் எழுதப்பட்டது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை. கேட்டு வருவது மூன்றாவது கட்டத்தை. அவர் விரல் அந்த இடத்துக்குப் போய் நின்றது, போகாதே என்றாலும் போகிறது, பல் விழுந்த ஓட்டைக்கு நாக்கு போகிற மாதிரி.

'வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்' என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் அரிசி ஆலை அதிபர், இரண்டாவதில் பள்ளித் தாளாளர், மூன்றாவதில் ப. உமையொருபாகம், லைன் இன்ஸ்பெக்டர் (ஓய்வு), மின்வாரியம், மணப்பாறை. மேற்கோள் குறிக்குள்: 'நான் பேசாத மனிதன். என் மகளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் செவ்வந்திலிங்கம் ஐயா எழுதித் தந்த புத்தகத்தில் சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாகக் கண்மூடுவேன்.' கண்மூடுவேன். அதை எழுதின அன்று அவருக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் மனிதர் அதற்குள் கண்மூடி மூன்று நாளாகியிருந்தது. இப்போது அந்த ஒரு சொல் வந்தாலே திரையைக் கீழே தள்ளிவிடுகிறார். ஐயா வணக்கம், நான் உமையொருபாகத்தின் மகள் எழிலரசி, நாக்பூரில் இருக்கிறேன், அப்பா இறந்து எட்டு மாசமாகிறது, போன வாரம் சும்மா அப்பா பேரைப் போட்டுத் தேடினேன், உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, உங்கள் இடத்தில், அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும், மணப்பாறை போய்விட்டு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். இவ்வளவுதான் மின்னஞ்சல். எழுபது தடவை படித்திருப்பார், இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி யாரையும் எனக்குத் தெரியாதம்மா, ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பதில் போட்டிருக்கலாம், போடுவதற்கு முன்னால் இணையதளமே ஒரு பதில் போட்டுவிட்டது. யார் எழுதினாலும் தானாகவே போகும்படி அவர்தான் ஆறு மாசத்துக்கு முன்பு செய்துவைத்திருந்தார்: 'தங்கள் அன்புக்கு நன்றி! தங்கள் வரவை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன். – எழுத்தாளர் செவ்வந்திலிங்கம்.' அதோடு வீட்டுக்கு வழி காட்டும் வரைபடமும், மாரியம்மன் கோயிலில் திரும்பி மூன்றாவது சந்து, பச்சை கேட். அவளும் ரயில் ஏறிவிட்டாள்.

கேட்! கேட் கிறீச்சிட்டது. எழுந்தே விட்டார், வேட்டி நுனி நாற்காலியில் மாட்டி இழுத்தது. "கேஸ்!" என்று குரல். சிலிண்டர்காரர். நெஞ்சு இறங்கி அதன் இடத்துக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம் பிடித்தது. உள்ளேயிருந்து கமலவேணி வந்து சிலிண்டரை வாங்கி உருட்டிக்கொண்டு போகிறபோது அவரைப் பார்த்து நின்றாள். "ஏங்க, வர்றவங்களுக்குக் காபியா மோரா?" "ஏதோ ஒண்ணு." "உங்க மூஞ்சியைப் பாத்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற மாதிரி இருக்கு. யாரு, புதுசா மலர் போடறவங்களா?" "ஆமாமா, வாழ்க்கை வரலாறு." "யாரோடது?" "ஒரு லைன் இன்ஸ்பெக்டர்." "அவருமா வர்றாரு?" "அவரு வர முடியாது," என்றார் செவ்வந்திலிங்கம், இன்று காலையிலிருந்து சொன்னதில் அது ஒன்றுதான் கலப்படமில்லாதது. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் அவர் குரலை வைத்தே எடை போட்டுவிட்டு, "என்னவோ பண்ணியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனாள், அந்தச் சத்தம் கூடத்துத் தரை வழியாக வந்து நாற்காலிக் காலில் ஏறி அவர் முதுகுத்தண்டில் முடிந்தது. என்ன பண்ணினேன்? யாரையும் ஏமாற்றினேனா, யார் வீட்டையாவது எழுதி வாங்கினேனா? ஒரு கட்டம். ஒரு கட்டத்தை அழிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதானே இந்த விவகாரம் மொத்தமும்.

நிஜமாகவே அவ்வளவுதான். இணையதளத்தை இலவசமாகத் தருகிற இடத்திலிருந்து ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்து, வீடியோ பார்த்துப் பார்த்து மூன்று வாரம் உட்கார்ந்து அவரே கட்டினார். எழுத்தை மாற்றக் கற்றுக்கொண்டார், படத்தை மாற்றக் கற்றுக்கொண்டார். மாதிரிப் பக்கத்தில் பாராட்டுக்கு மூன்று கட்டம் இருந்தது, அவரிடம் இரண்டு பாராட்டுதான் இருந்தது. அந்த இரண்டும் வந்த விதம் ஊருக்கே தெரிந்ததுதான். சார், என் எழுத்தைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்களேன் என்றால் எந்தப் பெரிய மனிதரும் சொல்கிற பதில் ஒன்றே ஒன்று, நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுடறேன். அரிசி ஆலைக்காரர் அப்படித்தான் சொன்னார். தாளாளர் அதையும் சொல்லாமல் பேனாவை மட்டும் எடுத்தார். செவ்வந்திலிங்கத்தைச் செவ்வந்திலிங்கமே, அரிசி ஆலைக் குரலில் ஒரு தடவை, பள்ளிக்கூடக் குரலில் ஒரு தடவை, வாயாரப் புகழ்ந்து எழுதினார். மூன்றாவது கட்டத்தில் லத்தீனோ என்னவோ ஒரு பாஷையில் பூச்சி பூச்சியாக எழுத்து, அதன் கீழே கழுத்துப்பட்டை கட்டிய வெள்ளைக்காரர் ஒருவரின் சிரிப்பு. அவரை எடுக்க என்னென்னவோ செய்துபார்த்தார். கட்டத்தை அழிக்கப் போனால் பக்கமே கோணிக்கொண்டது, ஒரு தடவை தன் படமே போய் வெள்ளைக்காரர் மூன்று பேரானார்கள். சரி, அழிக்க முடியாவிட்டால் நிரப்பிவிட வேண்டியதுதான். யாரை வைத்து? உயிரோடிருக்கிறவர் என்றால் என்றைக்காவது தெருவில் எதிர்ப்பட்டு, ஏன்யா நான் எப்பய்யா சொன்னேன் என்று சட்டையைப் பிடிப்பார். அந்த யோசனையோடு மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார், கையில் முறுக்குப் பொட்டலம், எதிர்ச் சுவரில் வரிசையாகக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள். ஐந்து இருந்தன. நாலின் கீழே மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள், உற்றார் உறவினர், நண்பர்கள் குழு என்று ஒரு படையே கையெழுத்துப் போட்டிருந்தது. ஐந்தாவதில் மேலே பேர், நடுவில் படம், வேலை, தோற்றம் மறைவு தேதிகள், அதற்குக் கீழே யாருமில்லை. வெறும் சுவர். இந்த மனிதருக்கு அழ ஆளில்லை போலிருக்கிறது, பேர் வேறு ராஜா மாதிரி இருக்கிறது, உமையொருபாகம், ஒரு தடவை படித்தால் மறக்காது, இணையதளத்துக்கென்றே வைத்த பேர். குறித்துக்கொள்ளச் சோம்பல்பட்டு போனில் படம் எடுத்தார். ஒரு ஆடு வேறு குறுக்கே நின்று மென்றுகொண்டிருந்தது, சூ சூ என்று விரட்டியும் நகரவில்லை. மகளிடம் என்று ஏன் எழுதினார்? தொழில் ரகசியம். மகனிடம் என்று எழுதினால் சொத்துத் தகராறு வாடை அடிக்கும். மகளிடம் என்றால் படிக்கிறவர் மூக்கை உறிஞ்சுவார். அழ ஆளில்லாத மனிதருக்கு ஒரு மகளைப் பெற்றுக் கொடுத்தோம் என்று அன்று உள்ளூர ஒரு பெருமைகூட. அந்த மகள்தான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள்.

பத்து முப்பத்தைந்து. கரையான் தின்றுவிட்டதம்மா. இது முதல் பொய், திங்கட்கிழமை தயாரித்தது. உறையூரில் இந்தப் பழைய வீடு, ஈரச் சுவர், அலமாரியைத் திறந்து பார்த்தால் உங்கள் அப்பா புத்தகம் இருந்த இடத்தில் மண். நல்ல பொய்தான், ஆனால் கம்ப்யூட்டரில் இல்லையா என்று கேட்பாள், கேட்காமல் இருக்க மாட்டாள், நாக்பூரில் இருக்கிறவள் கேட்பாள். இரண்டாவது பொய், உங்கள் அப்பா ஒரே ஒரு பிரதிதான் போடச் சொன்னார், கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார், எங்கே வைத்தாரோ. இது அபாயம், வீடு பூராவும் தேடுவாள், அண்ணன் தம்பியோடு சண்டை வரும், இல்லாத புத்தகத்துக்காக ஒரு குடும்பம் பரணிலிருந்து குதித்து மண்டையை உடைத்துக்கொள்ளும். மூன்றாவது – மூன்றாவது பொய் செய்தித்தாளுக்கு அடியில் இருக்கிறது. அவர் கை தானாகப் போய் அதன் மேல் படிந்தது. சுருள்கம்பி போட்டு, பிளாஸ்டிக் அட்டை போட்டு, நாற்பத்திரண்டு பக்கம். ஒரு வாரமாகச் சாப்பாடு, தூக்கம் பார்க்காமல் எழுதினார். 'கம்பத்தின் மேலிருந்து ஒரு வாழ்க்கை'. புயல் அடிக்கிறது, ஊர் இருட்டில் கிடக்கிறது, உமையொருபாகம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறுகிறார், மேலேயிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரே ஒரு மெழுகுவத்தி, அவர் கம்பியைத் தொட்டதும் ஊர் முழுக்கப் பளீரென்று – அதை எழுதும்போது செவ்வந்திலிங்கத்துக்கே கண் கலங்கியது. முப்பது வருஷத்தில் பணம் கொடுத்த ஒருவருக்கும் இப்படி எழுதியதில்லை. கொடுத்துவிட்டால் முடிந்தது. கையில் வாங்குவாள், நெஞ்சோடு அணைப்பாள், கும்பிட்டுவிட்டு அடுத்த ரயில். யாருக்கு நஷ்டம்? ஒருத்திக்கு ஒரு அப்பா கிடைக்கிறார், செத்துப்போனவருக்கு ஒரு புயல் கிடைக்கிறது. இதைப் போய் பொய் என்று சொல்லலாமா, இதைவிடப் பெரிய மோசடியையெல்லாம் மணிவிழா மலரில் சால்வையோடு வாங்கிக்கொள்கிறார்களே.

முப்பத்தொன்றாம் பக்கம் மட்டும் இல்லாதிருந்தால். அங்கே போய்த்தான் எல்லா யோசனையும் சிக்கிக்கொள்கிறது, முள்ளில் வேட்டி மாதிரி. முப்பத்தொன்றாம் பக்கத்தில் அப்பா மகளிடம் சொல்லவேண்டியதைச் சொல்ல வேண்டும், கட்டத்தில் அப்படி வாக்குக் கொடுத்தாகிவிட்டது. என்ன சொல்வார்? என்ன நடந்தது அவர்களுக்குள், யார் யாரை அடித்தது, யார் வீட்டைவிட்டுப் போனது, எது தெரியும் செவ்வந்திலிங்கத்துக்கு? இரண்டு நாள் பேனா நகரவில்லை. கடைசியில் எழுதினார்: 'அந்த விஷயத்தில் நான் செய்தது தவறு, எழில்.' அந்த விஷயத்தில். எந்த விஷயத்திலும் பொருந்தும். கிளி ஜோசியக்காரன் எடுத்துத் தருகிற சீட்டு மாதிரி, வடக்கே ஒரு பகை உண்டு, நெருங்கினவரால் மனக்கவலை, யார் வந்து உட்கார்ந்தாலும் அவரவர் பகை, அவரவர் கவலை. அவள் அந்த வரியைப் படித்துவிட்டு எந்த விஷயம் என்று தானே நிரப்பிக்கொள்வாள். மூன்றாவது கட்டத்தை அவர் நிரப்பின மாதிரி. ஊருக்குப் போய் விளக்கடியில் உட்கார்ந்து நிரப்புவாள், பத்து வருஷம் கழித்தும் நிரப்புவாள். 'பேசாத மனிதன்' என்ற வார்த்தை மட்டும் எங்கிருந்து வந்தது அவருக்கு? போஸ்டரில் அப்படி இல்லையே. அது தன் அப்பா என்று இந்த நிமிஷம், பத்து நாற்பத்தெட்டுக்குத்தான் தோன்றியது. தபால்காரர் அப்பா. மூன்றாம் வகுப்பில் எங்கப்பா ஏரோப்ளேன் ஓட்டறாரு என்று செவ்வந்திலிங்கம் சொல்லிவைக்க, ஹெட்மாஸ்டர் தெருவில் சைக்கிளை மறித்து, என்னய்யா, ஏரோப்ளேன் ஓட்டறியாமே என்று கேட்க, பையோடு நின்ற அப்பா பையனைப் பார்த்தார், ஹெட்மாஸ்டரைப் பார்த்தார், "லீவு நாள்ல மட்டும் சார்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தும் அடிக்கவில்லை, கேட்கவில்லை, சாகிறவரை அதைப் பற்றிப் பேசவில்லை. ஏன் காப்பாற்றினார்? தெரியாது. இன்றைக்கு ஒருவர் வந்து, உங்கப்பா அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார் என்று ஒரு சுருள்கம்பிப் புத்தகத்தை நீட்டினால் – நீட்டினால் வாங்கிக்கொள்வேன். பறித்துக்கொள்வேன். அதுதான் பயமாக இருக்கிறது. ஆட்டோ ஒன்று சந்தில் திரும்பியது, இந்த ஆட்டோ இல்லை, போகும், போய்க்கொண்டே இருக்கும், தாண்டிவிட்டது, இல்லை, பின்னால் வருகிறது, நிற்கிறது. கேட் கிறீச்சிட்டது. அழைப்பு மணி அடித்தது, கமலவேணி வாங்கி மாட்டின மணி, குருவி கத்துகிற மாதிரி ஒரு ராகம், முழுசாகப் பாடி முடிக்காமல் விடாது.

நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கசங்கின சுடிதார், பயணத்துத் தூசி. எந்த அலங்காரமும் இல்லாமல் உள்ளே வந்து காட்டின நாற்காலியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் சுவரையெல்லாம் பார்த்தாள், அப்பா எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று தேடுகிற பார்வை. செவ்வந்திலிங்கம் செய்தித்தாளை இழுத்து அதன் விளிம்பைச் சரிசெய்தார்.

"அண்ணன் சிரிச்சுச்சு சார். அப்பாவாவது புத்தகமாவதுன்னு. எனக்கும் முதல்ல நம்பிக்கையில்ல. ஆனா 'பேசாத மனிதன்'னு போட்டிருந்தீங்க பாருங்க. அது அப்பாவைத் தெரிஞ்சவங்களால மட்டும்தான் எழுத முடியும்."

அவர் தலையை ஆட்டினாரா, தலை தானாக ஆடியதா தெரியவில்லை.

"நான் என் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயி பதினோரு வருஷம். ஞாயித்துக்கிழமைதோறும் போன் போடுவேன். எடுப்பாரு. காதுல வச்சிருப்பாரு. மூச்சு விடறது கேக்கும், ஒரு வார்த்தை பேச மாட்டாரு. வைக்கவும் மாட்டாரு. நானா வைக்கிற வரைக்கும் வச்சிருப்பாரு." அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட சொல்ல முடியாமப் போனதுன்னு இருக்கே. அது எதைன்னு சொன்னாரா சார்?"

படித்துப் பாருங்கள் என்ற இரண்டு வார்த்தை போதும். கை செய்தித்தாளுக்கு அடியில் போய்விட்டது, சுருள்கம்பி விரலில் தட்டியது, வெளியேகூட இழுத்துவிட்டார். அந்த விஷயத்தில். அவள் கண் அட்டையின் மேல் விழுந்தது. அந்த விஷயத்தில். பதினோரு வருஷ ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து ஒரு கிளிச் சீட்டு.

"உங்க அப்பாவை எனக்குத் தெரியாதும்மா," என்றார் செவ்வந்திலிங்கம். அவர் குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது. "பாத்ததுகூட இல்ல. சுவத்துல போஸ்டர் பாத்தேன். பேரை எடுத்துக்கிட்டேன். மிச்சமெல்லாம் நானா எழுதுனது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கமலவேணி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப இது?" எழிலரசி எழுந்து சுருள்கம்பிப் புத்தகத்தை எடுத்தாள்.

"அதுவும்தான். இந்த வாரம் எழுதுனது. படிக்காதீங்கம்மா."

அவள் படித்தாள். நின்றபடியே நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படித்தாள், பக்கத்தின் மூலையை மடக்கினாள், கோபமா அழுகையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. "கம்பத்துல ஏறினாரா?"

"புயல்ல..."

"அப்பாவுக்கு உயரம்னா பயம் சார். ஏணியில மூணாவது படி ஏற மாட்டாரு. கீழ நின்னுகிட்டு மத்தவங்களுக்குக் கைகாட்டுவாரு." புத்தகத்தை மேஜையில் போட்டாள், போட்டதில் லேப்டாப் அதிர்ந்தது. "வெக்கமா இல்லையா உங்களுக்கு? இவ்வளவு வயசுல?"

"இருக்கும்மா."

"செத்தவங்க பேரை எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்கன்னா?"

"போஸ்டர்ல கீழ யார் பேரும் இல்ல. ஆளில்லாதவர்னு நினைச்சுட்டேன்."

அவள் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றுபோய் வேறு ஏதோ வந்தது. திரும்ப உட்கார்ந்தாள். "கீழ யார் பேரும் இல்லையா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா? நான் ஊர் வந்து சேர்றதுக்குள்ள அப்பாவை எடுத்து எல்லாம் முடிஞ்சிருச்சு. போஸ்டர்லயாவது என் பேரைப் போடுண்ணேன்னு போன்ல கெஞ்சுனேன். போட்டேன், எல்லாருக்கும் கீழ உன் பேரும் போட்டிருக்கேன்னு அண்ணன் சத்தியம் பண்ணுச்சு. மழையில எல்லாம் போயிருச்சு, ஒண்ணுகூட எடுத்து வைக்கலேன்னுச்சு. அப்ப அது பொய்யா?"

இருந்தது என்று சொல்லிவிடலாம். எல்லாருக்கும் கீழே, கடைசியில், கொட்டை எழுத்தில் உங்கள் பேர் இருந்ததம்மா. வாய் திறந்துகூட விட்டது, பழக்கம் அப்படி. அப்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது, எட்டு மாசமாகக் கண்ணெதிரில் நின்று மென்றுகொண்டிருந்தது.

"இருங்கம்மா. ஆடு!"

"என்னது?"

"ஒரு ஆடு நின்னுச்சு. போஸ்டரைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. பசை ருசிக்கு. கீழ்ப்பக்கத்தை அதுதான் தின்னிருக்கணும், நான் வெறுஞ்சுவருன்னு..."

"சார்." அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். "இத்தனை பொய் சொல்லிட்டு, இப்ப ஆட்டுக் கதை வேறயா?"

வாழ்நாளில் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள் அவரிடம், ஏரோப்ளேனை நம்பினார்கள், குண்டக்கல் மாப்பிள்ளையை நம்பினார்கள், மைக்கில் இறங்கின கண்ணீரை நம்பினார்கள். இந்த ஒரு ஆட்டை நம்ப ஆளில்லை. போனை எடுத்தார், விரல் வழுக்கியது, காலை வணக்கப் பூக்கள், முருகன், பிள்ளையார், மறுபடி பூக்கள், பேத்தியின் பிறந்தநாள், எட்டு மாசம் இவ்வளவு ஆழமா, அழித்துவிட்டேனா, கடவுளே அழித்திருக்காதே, எனக்கு எதையும் அழிக்கத் தெரியாதே என்று தள்ளிக்கொண்டே போனார். முறுக்குக் கடை வந்தது. அடுத்தது அது.

அவள் போனை வாங்கிக்கொண்டாள். படத்தில் சுவர், போஸ்டர், சட்டைப் பையில் பேனா குத்திய உமையொருபாகம், கீழே கரும்பழுப்பில் ஒரு ஆடு, விரட்டுகிறவரை அலட்சியமாகப் பார்த்தபடி. அதன் கடைவாயில் ஒரு காகிதக் கிழிசல் தொங்கியது. அவள் இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஆட்டின் வாய் திரை முழுக்க வந்தது. கிழிசலில் கறுப்பாக ஏதோ இருந்தது, பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது.

"எழுத்து இருக்கு," என்றாள். குரல் மெலிந்திருந்தது. "என் பேருதானே இது? நீங்க சொல்லுங்க சார்."

செவ்வந்திலிங்கம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவள் பேராக இருக்கலாம். அச்சகத்தின் போன் நம்பராகவும் இருக்கலாம். ஆமாம் என்றால் அவள் நம்புவாள், இந்த உலகத்தில் இப்போது அவரை நம்பத் தயாராக இருக்கிற ஒரே ஆள்.

"எழுத்துதாம்மா," என்றார். "ஒரு வரி இருந்திருக்கு. யார் பேருன்னு எனக்குத் தெரியல."

அவள் ஆட்டை மறுபடி சின்னதாக்கினாள். "வரி இருந்துச்சுல்ல," என்றாள். "போதும். இதை எனக்கு அனுப்புங்க." கமலவேணி மோர் கொண்டுவந்து வைத்தாள், புருஷனைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்து, "குடிம்மா" என்றாள். எழிலரசி ஒரே மூச்சில் குடித்தாள். தம்ளரை வைத்துவிட்டு லேப்டாப்பைக் காட்டினாள். "அதை எடுத்துடுங்க. இப்பவே. என் முன்னாடியே."

"கட்டத்தை எடுக்க எனக்குத் தெரியாதும்மா. எழுத்தைத்தான் அழிக்கத் தெரியும்."

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்ப பேரு இருக்கட்டும். அவரு சொல்லாததை மட்டும் அழிங்க."

அவர் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக. கண்மூடுவேன் போயிற்று, நிம்மதி போயிற்று, புத்தகம் போயிற்று, செவ்வந்திலிங்கம் ஐயா போனார், மகளிடம் போயிற்று. பேசாத மனிதன் என்ற இடத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது, அதுவும் போயிற்று. தொடக்கத்தில் ஒரு மேற்கோள் குறி, முடிவில் ஒரு மேற்கோள் குறி, அவற்றுக்கு நடுவே வெள்ளை. கீழே ப. உமையொருபாகம், லைன் இன்ஸ்பெக்டர், ஓய்வு. குறிகளையும் அழிக்க விரலைக் கொண்டுபோனார்.

"வேண்டாம் சார், விடுங்க," என்று அவர் கையைப் பிடித்தாள் எழிலரசி. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா இப்படித்தான் பேசுவாரு."